ஹெந்தளையில 3 அடி தோண்ட முதலே தண்ணி, எந்த செப்டிக் சிஸ்டம் போடுறது?

ஹெந்தளைக்காரன்

வணக்கம் எல்லாருக்கும். ஹெந்தளைப் பக்கம் 8 பேர்ச் காணி ஒண்டு எடுத்து வீடு கட்டத் தொடங்கப்போறம், கீழ அம்மா அப்பாவோட சேர்த்து நாங்க 6 பேர், மேல் மாடி பிறகு வாடகைக்கு விடுற ஐடியா. பிளான் குடுக்கேக்க செப்டிக் டாங் எங்க, அதால வாற தண்ணியை மண்ணுக்குள்ள ஊற விடுற சோக்கேஜ் பிட் எங்க எண்டு காட்டோணும், அதிலதான் ரெண்டு கிழமையா மண்டை காயுது.

போன மாசம் மேசன் பாஸ் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் மூலையில ஒரு குழி வெட்டிப் பாத்தம். மேல ஒரு அடிக்குக் கொண்டுவந்து நிரப்பின செம்மண், அதுக்குக் கீழ கறுத்த சேறு, 3 அடி வர முதலே தண்ணி ஊறத் தொடங்கீட்டு. சந்திக் கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா அரைக்குழி தண்ணி, ரெண்டு தவளை வேற. பாஸ் சிரிச்சுக்கொண்டு "இதுக்கென்ன மாத்தயா, 6 கொங்கிரீட் வளையம் இறக்கிவிட்டா சரி" எண்டார். எனக்குச் சிரிப்பு வரேல்ல. ஏனெண்டா மதிலுக்கு அங்கால பக்கத்து வீட்டுக் கிணறு, நான் டேப் பிடிச்சு அளந்தன், எங்கட பின் மூலையில இருந்து 40 அடியும் இல்ல. அவை அந்தத் தண்ணியில குளிக்கினம், உடுப்புத் தோய்க்கினம்.

கடைகளில விசாரிச்சா ஆளுக்கொரு கதை. ஒருத்தர் சொல்லுறார் 1000 லீட்டர் பிளாஸ்டிக் பயோ டாங் போடுங்கோ, வாழ்நாள் முழுக்க இறைக்கத் தேவையில்ல எண்டு. இன்னொருத்தர் காத்து அடிக்கிற சிஸ்டம், மோட்டர் 24 மணித்தியாலமும் ஓடும், வெளிய வாற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் எண்டுறார். மூண்டாவது ஆள் கல்லு நிரப்பின ஃபில்டர் டாங் போதும், கரண்டே வேண்டாம் எண்டுறார். என்ர மச்சான் எங்கயோ ஹோட்டல் ஒண்டில பாத்தானாம், செடி நட்டுக் கல்லுப் பாத்திக்குள்ளால தண்ணியை விடுகினமாம், அதைச் செய் எண்டு நிக்கிறான்.

ஆர் சொல்லுறதை நம்புறது? போட்டுப் பாவிச்ச ஆக்கள் சொன்னா நல்லம். விக்கிற ஆக்கள் தயவுசெய்து வரவேண்டாம்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்

அண்ணே முதல்ல ஒண்ணு கேட்டுப் பாருங்க, உங்க ரோட்ல சூவரேஜ் லைன் போகுதான்னு. நாங்க கொட்டாஞ்சேனைல இருக்கோம், மாநகர சபை லைன் வெள்ளைக்காரன் காலத்துல போட்டது, எல்லாம் அதுல போயிரும், செப்டிக் டாங்ன்ற பேச்சே வீட்ல கிடையாது. ஹெந்தளைல இருக்கும்னு தோணல, ஆனாலும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைல ஒரு வார்த்தை கேக்குறதுல நட்டமில்ல. ஜா-எல ஏக்கல பக்கம் அவங்கதான் லைன் போட்டாங்க.

அந்த பிளாஸ்டிக் டாங் பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா என் அக்கா வீட்ல நடந்தத கண்ணால பாத்தவன். அவங்க கொலன்னாவைல இருக்காங்க, 2016 மே வெள்ளத்துல மூழ்கின பக்கம்தான். வெள்ளத்துக்கு அப்புறம் பழைய குழிய மூடிட்டு 2000 லீட்டர் பிளாஸ்டிக் டாங் ஒண்ணு புதைச்சாங்க, சுத்தி மண்ணு போட்டு மூடினதோட சரி, கீழ கொங்கிரீட் இல்ல, கட்டி வைக்கவும் இல்ல. ரெண்டு வருசம் ஒரு பிரச்சனையும் இல்ல. அப்புறம் ஒரு ஒக்டோபர் மாசம், நல்ல மழை, டொய்லெட் தண்ணி இறங்கலன்னு கழிவு உறிஞ்சுற லொறி, கலி பவுசர கூப்பிட்டு முழுசா உறிஞ்சிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி படார்னு ஒரு சத்தம். காலைல பாத்தா டாங் முத்தத்துல திமிங்கிலம் மாதிரி முதுக காட்டிட்டு நிக்குது, பைப் ரெண்டும் உடைஞ்சு, மேல போட்டிருந்த சீமெந்துப் பலகை எல்லாம் வெடிச்சு. 2000 லீட்டர் டாங்க காலி பண்ணினா அடில இருக்குற தண்ணி கிட்டத்தட்ட 2 டொன் பலத்துல மேல தள்ளுமாம், அப்புறம்தான் ஒரு ஆள் சொன்னாரு. முன்னாடி சொல்லிருக்கலாம்ல!

அக்கா மூணு நாள் எங்க வீட்டுக்கு வந்துதான் டொய்லெட் போனாங்க புள்ளைங்களோட. அதனால உங்க காணில பிளாஸ்டிக் போடுறதா இருந்தா அடில கொங்கிரீட் ஸ்லாப் போட்டு அதோட பட்டி போட்டு இழுத்துக் கட்டுங்க, இல்லன்னா கொங்கிரீட்லயே கட்டிருங்க. மழைக்காலத்துல முழுசா இறைக்கவே வேண்டாம்.

தெஹிவளை நானா

காத்து அடிக்கிற சிஸ்டம் பத்தி நான் சொல்றன். எங்கட ப்ளட்ல 12 வீடு, கட்டக்குள்ளயே கீழ பார்க்கிங்ல ஒரு ப்ளான்ட் போட்டுத்தான் தந்த. மொத வருசம் மாஷா அல்லாஹ் சூப்பர், வெளிய வார தண்ணிய போத்தல்ல புடிச்சு எல்லாருக்கும் காட்டின, அதாலதான் பூக்கண்டுக்கு ஊத்தின. கம்பனிக்காரன் மாசம் ஒருக்கா வந்து பாத்தான்.

அதுக்குப் பொறகு மெயின்டனன்ஸ் எக்ரிமென்ட் முடிஞ்சி. கமிட்டில ஒரு ஆள் கணக்கு பாத்து இந்தக் காத்து அடிக்கிற ப்ளோவர் எதுக்கு ராவும் பகலும் ஓடுது, ராவைக்கு ஓஃப் பண்ணுவம் ண்டு சொல்லி, ஓஃப் பண்ணின. ஒரு கிழமைல பார்க்கிங்ல வாகனம் எடுக்க ஏலாத அளவு நாத்தம். அந்தக் கிருமி காத்துல வாழ்ற கிருமி, காத்தை நிப்பாட்டினா அது சாகுது, மத்த ஜாதி, நாத்தம் வார ஜாதி, எழும்புது. அவ்வளவுதான் விசயம்.

2022ல கரண்ட் கட் ஞாபகம்தானே, மார்ச் கடைசில ஒரு நாளைக்கி 13 மணித்தியாலம் வரைக்கும் போன. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்ல. அந்த ப்ளான்ட் அப்ப செத்தது, பொறகு வேற எடத்துல இருந்து சேறு கொண்டுவந்து கொட்டி, ஒரு மாசத்துக்கு மேல போச்சு திருப்பி உயிர் வர.

நான் சிஸ்டம் கூடாது ண்டு சொல்லல்ல. ஒழுங்கா ஓடினா அதை அடிக்க ஒண்டும் இல்ல. ஆனா தனி வீட்ல, ப்ளோவர்ட பில்டர் தூசி தட்ட, டயபிரம் பிஞ்சா மாத்த, சேறு பாக்க யார் இருக்க? நீங்களா? ஒங்கட வாப்பாவா?

ஹெந்தளைக்காரன்

கொட்டாஞ்சேனைத் தம்பி, அந்தத் திமிங்கிலக் கதையை வாசிச்சிட்டு மனுசி சிரிச்சா, பிறகு சிரிப்பு நிண்டிட்டுது, ஏனெண்டா நாங்க பாத்து வச்சதும் அதே மாதிரி டாங்தான். லைன் எங்கட பக்கம் இல்ல, கேட்டாச்சு.

நானா, உண்மைதான், ப்ளோவர் பாக்க வீட்டில ஆளில்ல. ஆனா கல்லு ஃபில்டர் போட்டா வாற தண்ணி அவ்வளவு சுத்தமா இருக்காதாமே? கிணறு பக்கத்தில இருக்கேக்க அதுதானே பயம்.

பழைய டி.ஓ

தம்பி, நான் 30 வருசம் டெக்னிக்கல் ஒஃபீசரா வேலை செய்து ஓய்வெடுத்த ஆள், இந்தக் கேள்வியை எத்தினையோ பேர் கேட்டிருக்கினம், எல்லாரும் எந்த டாங் எண்டுதான் தொடங்கிறது. டாங்கைப் பிறகு பாப்பம். உம்மட காணியில வெளிய வாற தண்ணி எங்க போகப்போகுது? அதுக்கு மறுமொழி கிடைச்சா டாங் தன்பாட்டில முடிவாகும்.

செப்டிக் டாங் எண்டது அரைவாசி வேலைதான். கனமானது அடியில சேறாப் படியும், எண்ணெய் மேல ஆடையா மிதக்கும், நடுவில இருக்கிற தண்ணி வெளிய போகும். அந்தத் தண்ணியில அழுக்கு மூண்டில ஒரு பங்குதொட்டு அரைவாசிதான் குறைஞ்சிருக்கும், கிருமி நிறைய. மிச்ச வேலையைச் செய்யிறது மண். சோக்கேஜ் பிட்டுக்குக் கீழ நாலு அடியெண்டாலும் காய்ஞ்ச மண் இருந்து, அதுக்குள்ளால தண்ணி மெதுவா இறங்கினாத்தான் கிருமி சாகும். உம்மட காணியில காய்ஞ்ச மண்ணே 3 அடிதான், அதுவும் வெயில் காலத்தில. அந்த பாஸ் சொன்ன மாதிரி 6 வளையம் இறக்கினா அது சோக்கேஜ் பிட் இல்ல, இன்னொரு கிணறு. உம்மட கழிவுக் கிணறும் அவையின்ர குளிக்கிற கிணறும் கீழால கை குலுக்கிக்கொண்டு இருக்கும். கிணத்துக்கு 50 அடி தள்ளி எண்டு வழக்கமா சொல்லுறது நல்ல மண்ணுக்கு, அதுவே உம்மட்ட இல்ல.

முதல் வேலை, பக்கத்து வீட்டுக்காரரிட்டக் கேட்டுக் கிணத்துக்குள்ள எட்டிப் பாரும். வளையத்தில பாசிக்கோடு ஒண்டு இருக்கும், வருசா வருசம் மழைக்குத் தண்ணி ஏறுற மட்டம் அது. அந்தக் கோட்டுக்கும் நிலத்துக்கும் எவ்வளவு எண்டு அளந்து எழுதும். நீர் வெட்டின குழியைவிட அதுதான் உண்மை சொல்லும்.

இனி ஒவ்வொண்டா வாறன். வாழ்நாள் முழுக்க இறைக்கத் தேவையில்லாத டாங் இந்த உலகத்தில இல்ல. ஒரு ஆளுக்கு வருசம் 40 லீட்டர் சேறு எண்டு கணக்குப் போடுறது வழக்கம். கீழ 6, மேல வாடகைக்கு 4 எண்டு வையும், 10 பேர், மூண்டு வருசத்தில 1200 லீட்டர் சேறு. விக்கிறவர் தாற டாங்கே 1000 லீட்டர்! ஒரு நாளைக்கு ஆளுக்கு 150 லீட்டர் எண்டாலும் 1500 லீட்டர் தண்ணி வரும், அது குறைஞ்சது ஒரு நாளாவது டாங்குக்குள்ள நிக்கோணும். ரெண்டையும் கூட்டி மேல ஆடைக்கும் இடம் விட்டா 3000 லீட்டருக்குக் கிட்ட வரும். ரெண்டு அறையா, நாலு பக்கமும் அடியும் ஒழுகாத கொங்கிரீட்டாக் கட்டும். பக்டீரியாப் பவுடர் எண்டு விக்கிறதுக்குக் காசு குடுக்காதையும், அந்தக் கிருமி எங்கட வயித்துக்குள்ளயே இருக்கு, இலவசம்.

காத்துச் சிஸ்டத்தைப் பற்றி நானா சரியாச் சொன்னார். ஜப்பான்ல வீட்டுக்கு வீடு இருக்கிற ஜோகாசோ அதுதான், அங்க நல்லாப் போகுது. ஏனெண்டா 1983ல தனிச் சட்டமே போட்டு, வருசம் ஒருக்காச் சேறு எடுக்கோணும், வருசம் ஒருக்கா வெளியாள் வந்து பரிசோதிக்கோணும் எண்டு வச்சிருக்கினம். டொய்லெட் தண்ணிக்கு மட்டும் எண்டு இருந்த சின்ன ஜோகாசோவைப் புதுசாப் போடுறதை 2001ல நிப்பாட்டியும் போட்டினம், குசினி, குளியல் எல்லாம் சேர்த்துத்தான் போடோணும். இங்க அந்த ஆள் வரமாட்டார். கரண்டும் பாரும், 60 வொட் ப்ளோவர் எண்டாலும் ராப்பகலா ஓடினா மாசம் 43 யூனிட். எங்கட பில்லில யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின்ர விலையும் ஏறுதே.

கல்லு ஃபில்டர் நல்ல சாமான், நான் கனக்கப் போட்டிருக்கிறன். செப்டிக் டாங்கால வாற தண்ணியைக் கீழால விட்டு மேலால எடுக்கிறது, கல்லில ஒட்டிக்கொண்டிருக்கிற கிருமி அழுக்கைத் திண்டும். கரண்ட் இல்ல, ஆள் இல்ல. ஆனா ரெண்டு விசயம். தொடங்கி மூண்டு நாலு மாசத்துக்கு ஒழுங்கா வேலை செய்யாது, கிருமி குடியேறோணும், அதுவரை மணக்கும். மற்றது, அமோனியாவும் நோய்க்கிருமியும் பெரிசாக் குறையாது. அதால அதை மட்டும் போட்டுக் கானுக்கு விடலாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதையும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ர கணக்குப்படி ஆறு குளத்துக்கு விடுற தண்ணியில பி.ஓ.டி, அதாவது அழுக்கைத் திண்ணக் கிருமிக்குத் தேவைப்படுற ஒக்சிசன், லீட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. உம்மட றோட்டுக் கான் முத்துராஜவெலச் சதுப்புக்குத்தானே போய் விழுது.

அப்ப உமக்கு என்ன? டாங், அதுக்குப் பிறகு சின்னக் கல்லு ஃபில்டர், அதுக்குப் பிறகு உம்மட மச்சான் சொன்ன செடிப் பாத்தி, கடைசியா நிலத்துக்கு மேல உயர்த்தின மணல் மேட்டுக்குள்ள ஆழமில்லாத ஊறல். மச்சானைப் பகிடி பண்ணாதையும், அவன் சொன்னதில விசயம் இருக்கு. எஸ்.எல்.எஸ் 745 எண்டு எங்கட நாட்டுத் தரக்கோவையே ரெண்டு பாகமா இருக்கு, 2004ல வந்தது நிலத்துக்குள்ள விடுற சின்னச் சிஸ்டத்துக்கு, 2009ல வந்த ரெண்டாம் பாகம் நிலத்துக்குள்ள விட ஏலாத இடங்களுக்கும் பெரிய சிஸ்டங்களுக்கும். பிளான் கீறுறவரிட்ட ரெண்டாம் பாகத்தைப் பாத்தவரோ எண்டு கேளும், முகத்தைப் பாத்தே விளங்கும்.

இதையெல்லாத்தையும் விட முக்கியமான ஒண்டு. அத்திவாரம் போட்டாச்சோ? போடேல்ல எண்டா வீட்டுட பிளிந்தை, அதுதான் தரை நிக்கிற அடிமட்டத்தை, நிலத்தில இருந்து 3 அடிக்கு உயர்த்தும். 4 இஞ்ச் பைப்புக்கு 40க்கு 1 சரிவு, 30 அடி ஓடினா 9 இஞ்ச் போச்சு. டாங்கில ரெண்டு மூண்டு இஞ்ச், ஃபில்டரில மூண்டு நாலு இஞ்ச், பாத்தியில ரெண்டு இஞ்ச். பைப் வீட்டை விட்டு வெளிக்கிடுறது நிலத்துக்கு மேல ரெண்டரை அடியில எண்டா, கடைசியில மணல் மேட்டுக்கு வரேக்கையும் நிலத்துக்கு மேல ஒரு அடி மிச்சம் இருக்கும். பம்ப் தேவையில்ல. பிளிந்தைப் பதிச்சுப் போட்டிட்டு வந்து கேட்டிருந்தா வாழ்நாள் முழுக்க ஒரு பம்ப்போட மல்லுக்கட்டியிருப்பீர். டாங் அரைவாசி வெளிய தெரியும், பாக்க வடிவில்ல, மேல பூச்சட்டி வையும்.

கந்தானை வீட்டுக்காரி

டி.ஓ ஐயா சொன்ன செடிப் பாத்தி எங்கட வீட்டில இருக்கு, 5 வருசம் ஆகுது. நாங்க 5 பேர், எங்கட பாத்தி மதிலோரமா 3 அடி அகலம் 24 அடி நீளம், அடியிலயும் பக்கத்திலயும் சீமெந்து பூசினது, 2 அடி ஆழத்துக்கு முக்கால் இஞ்ச் மெட்டல் கல்லு. தண்ணி கல்லுக்கு மூண்டு இஞ்ச் கீழதான் ஓடுது, மேல காய்ஞ்ச கல்லு, அதால நுளம்பு வராது. சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ, டெங்கு செக் பண்ண வந்த நேரம் கல்லைக் கிளறிப் பாத்திட்டுப் போனவர், ஒண்டும் சொல்லேல்ல. நாங்க நட்டது கல்வாழை, சிவப்பும் மஞ்சளும். கன்னாபின்னா எண்டு வளரும், மூண்டு மாசத்துக்கொருக்கா வெட்டோணும், அது அவரின்ர வேலை எண்டு தொடங்கி இப்ப என்ர வேலை.

ஆனா ஆரும் சொல்லாத ஒண்டை நான் சொல்லுறன், குசினித் தண்ணி. எங்கட சமையல் எண்ணெயும் தேங்காய்ப்பாலும்தானே. முதல் வருசம் எண்ணெயைப் பிடிக்கிற கிரீஸ் ட்ராப் தொட்டி போடாமல் நேர விட்டம், எட்டு மாசத்தில பாத்தியின்ர வாசல் பக்கக் கல்லு எல்லாம் வெள்ளையா மெழுகு மாதிரிப் பிடிச்சு, தண்ணி மேலால வழிஞ்சுது. ரெண்டு மீற்றர் கல்லை அள்ளி வெளிய போட்டுக் கழுவி... அந்த மணத்தை இப்ப நினைச்சாலும் சாப்பாடு இறங்காது. இப்ப குசினிக்கு வெளிய சின்னத் தொட்டி ஒண்டு, மூடியைத் திறந்து ஒவ்வொரு ஞாயிறும் பழைய அகப்பையால மேல மிதக்கிறதை வழிச்சு எடுக்கிறன், ஒரு யோகட் கப் நிறைய வரும். அஞ்சு நிமிசம்தான், ஆனா விடக்கூடாது. நெத்தலி பொரிச்ச கிழமை ரெண்டு கப்.

கூரைத் தண்ணியை இதுக்குள்ள விட்டிடாதேங்கோ, ஒரு மழைக்கே எல்லாம் கழுவுப்பட்டுப் போயிடும்.

கல்வாழைப் பூ நல்ல வடிவாப் பூக்கும். மாமி சாமியறைக்கு அதில ஒரு பூவும் எடுக்க விடமாட்டா. மேசையில வச்சாலும் முகத்தைத் திருப்புவா.

தெஹிவளை நானா

யோகட் கப் கணக்கு சூப்பர். எங்கட ப்ளட்ல 12 குசினிக்கும் சேத்து ஒரு ட்ராப், யாரும் தொறந்ததே இல்ல.

ஹெந்தளைக்காரன்

மூண்டு கிழமையாப் பதில் போடேல்ல, மன்னிக்கோணும், ஓடுப்பட்டுத் திரிஞ்சன்.

டி.ஓ ஐயா சொன்ன மாதிரிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கிணத்தை எட்டிப் பாத்தன். பாசிக்கோடு நிலத்தில இருந்து ஒரு அடி நாலு இஞ்ச். ஒரு அடி நாலு இஞ்ச்! நான் 3 அடி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். கிணத்துக்கார ஐயா நான் ஏன் அளக்கிறன் எண்டு கேட்டார், விசயத்தைச் சொன்னன், அதுக்குப் பிறகு அவரே வந்து எங்கட காணியில நிண்டு எங்க வைக்கலாம் எண்டு கை காட்டத் தொடங்கீட்டார். முன் மூலை அவரின்ர கிணத்தில இருந்து 62 அடி, மணல் மேடு அங்கதான் எண்டு முடிவு. அத்திவாரம் நல்ல காலம் போடேல்ல, பிளிந்தை 3 அடிக்கு உயர்த்தக் கீறி மாத்தியாச்சு, படி ரெண்டு கூடுது, அப்பாவுக்கு முழங்கால் நோ, அதால பக்கத்தால ஒரு சரிவுப் பாதையும் போடுறம். செலவு கூடத்தான், பாஸ் இப்ப என்னைப் பைத்தியக்காரன் மாதிரிப் பாக்கிறார்.

பாத்தி 4 அடி அகலம், 28 அடி நீளம். ஃபில்டர் முன்னுக்கு இருக்கிறதால 10 பேருக்கு இவ்வளவு போதும் எண்டு பிளான் கீறுறவர் சொன்னார். ரெண்டாம் பாகத்தைப் பாத்தனீங்களோ எண்டு கேட்டன் ஐயா, நீங்க சொன்ன முகம்தான் வந்தது. ஆனா அடுத்த கிழமை எடுத்துப் படிச்சுக்கொண்டு வந்தார், அதுக்காக அவரைப் பாராட்டோணும்.

இப்ப ஒரு பிரச்சனைதான் மிச்சம். அம்மா அந்தப் பாத்தியைப் பாத்திட்டு, இவ்வளவு தண்ணி போற இடத்தில சும்மா பூ ஏன், நாலு கதலி வைப்பம் எண்டுறா. வைக்கலாமோ?

பழைய டி.ஓ

வைக்கலாம் தம்பி, வாழை நல்லாத் தண்ணி குடிக்கும். ஆனா கல்லுக்குள்ள வைச்சா குலை போட்ட நேரம் காத்துக்குச் சரிஞ்சு வேரோட கல்லைக் கிளப்பும். பாத்திக்குள்ள கல்வாழை, கதலியை மணல் மேட்டின்ர ஓரத்தில வையும்.

கந்தானை வீட்டுக்காரி

குலை வந்தா அம்மா சாப்பிடுவாவோ எண்டு முதல்லயே கேட்டு வையுங்கோ. எங்கட மாமி எண்டா மதிலுக்கு மேலால அடுத்த வீட்டுக்குத்தான் குடுப்பா.